கடைசிப் படகு போகட்டும்

தமிழ்நாட்டில் நாளிதழ் படிப்பவர்களுக்கு நெடுந்தீவு என்ற பெயர் புதிதல்ல. ‘நெடுந்தீவு அருகே எல்லை தாண்டி மீன்பிடித்ததாக’ என்று தொடங்கும் செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. கைதானவர்களின் எண்ணிக்கையும் பறிமுதலான படகுகளின் எண்ணிக்கையும் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது என்பதும், தமிழ் பேசும் சில ஆயிரம் பேர் அங்கே மாடு வளர்த்து, மீன்பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிறார்கள் என்பதும் செய்திக்குள் வருவதில்லை. ராமேசுவரத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான். சுமார் 8 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 6 கிலோமீட்டர் என்று முட்டை வடிவில் கிடக்கும் சமதரை. பெரிய ஓட்டல் ஒன்றும் இல்லை. மதிய வெயிலில் காற்றும் பனையோலையும் மாட்டுமணியும் தவிரச் சத்தம் அதிகம் கேட்காது. பெரிய செலவில்லாமல், கூட்டமில்லாத ஒரு வெப்பமண்டலத் தீவைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு நம் கடற்கரையிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இன்னொன்று சொல்வது கடினம்.

போகும் வழியும் சிக்கலானதல்ல. பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான நுழைவு அனுமதியும் வேண்டும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலிக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பேருந்து உண்டு. பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று ஆழமில்லாத கடலுக்குள் போட்ட சாலைகளின் வழியே அது போகும். குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி பக்கத்திலிருக்கும் நயினாதீவுக்கு, நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகிறது. மிச்சப்பேர் நெடுந்தீவுப் படகில் ஏறுகிறார்கள். ஒரு மணி நேரக் கடல். இறங்கும் இடம் மாவிலித்துறை. பேருந்துக்கும் படகுக்கும் ஆகும் தொகை, யாழ்ப்பாணத்தில் ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்கு ஆவதைவிடக் குறைவு.

இந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பயணியின் சாமர்த்தியத்தால் வந்த மலிவு அல்ல இது. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர் கொண்ட அந்தப் படகுகள் சுற்றுலாவுக்காக விடப்பட்டவை அல்ல. நெடுந்தீவு மக்கள் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போய்வருவதற்காகப் பொதுப்பணத்தில் ஓடுபவை. நெடுந்தாரகை 2017இல் ஆஸ்திரேலிய உதவியில் கிடைத்த படகு. நாம் உட்காரும் இருக்கையின் உண்மையான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். தீவின் மின்சாரமும் அப்படியே. இலங்கையின் மின்கட்டமைப்போடு கம்பி இணைப்பு இல்லாததால், கடல் கடந்து வரும் டீசலில் இயந்திரம் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமாக 2,230 கிலோவாட் சூரிய, காற்று மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய மானியத்தில் ஒப்பந்தம் போடப்பட்டதற்குக் காரணமும் இதுதான். குடிநீரில் ஒரு பகுதி கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்கப்படுகிறது, அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆக, குறைந்த செலவில் நெடுந்தீவுக்குப் போகும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த ஊருக்காக ஒதுக்கப்பட்ட பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுப்பது தவறில்லை, விருந்தாளிக்கு இலையில் பங்கு உண்டு. ஆனால் எடுத்ததற்கு ஈடாக எதை, யார் கையில் வைக்கிறோம் என்ற கணக்கு நமக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பலரும் சிக்கனம் என்று நம்பும் ஒருநாள் பயணம்தான் தீவுக்கு மிக அதிகச் செலவு வைக்கிறது. காலைப் படகில் வந்து பிற்பகலின் கடைசிப் படகில் திரும்புபவருக்கு நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். ஓர் ஓட்டோவில் ஏறி, ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, கோட்டையின் இடிபாடு, பெருக்குமரம், குதிரைகள், குவிந்தா கோபுரம் என்று வரிசையாகப் படமெடுத்துவிட்டுத் துறைக்கு ஓட வேண்டும். சாப்பாடு யாழ்ப்பாணத்திலிருந்து கட்டிவந்த பார்சல், தண்ணீர் அங்கிருந்து வாங்கிவந்த பாட்டில். தீவில் இறங்கும் பணம் ஓட்டோக்காரருக்கும் ஒரு தேநீர்க் கடைக்கும் மட்டும். தீவில் தங்குவதோ காலிப் பாட்டில்களும் பார்சல் தாள்களும். குப்பையைத் தரம் பிரிக்கவும் கரைக்கு ஏற்றிவிடவும் வசதி குறைந்த இடத்தில் ஒவ்வொரு பாட்டிலும் நெடுங்காலம் கிடக்கும். போகும்போதும் வரும்போதும் படகில் இரண்டு இடம். அதுவும் கிளினிக் முடிந்து வரும் முதியவர்களும் சந்தைச் சாமான் ஏற்றிவரும் பெண்களும் ஏறும் அதே நேரத்தில். ஓர் இரவோ இரண்டு இரவோ தங்குபவருக்கும் அதே இரண்டு இடம்தான். ஆனால் அவர் மூன்று வேளை அங்கே சாப்பிடுகிறார், படுக்க இடத்துக்குப் பணம் கொடுக்கிறார், சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார், கடையில் சோப்பு வாங்குகிறார். கடல் கடக்கும் சுமை ஒன்றே, ஊருக்குச் சேரும் பணம் பல மடங்கு. பயணியின் பையையும் இது பெரிதாகப் பாதிப்பதில்லை. தீவில் தூங்கும் இரவுக்கு யாழ்ப்பாணத்தில் விடுதி வாடகை மிச்சமாகிறது. கப்பலுக்கோ விமானத்துக்கோ ஒரு முறை கொடுத்த பெரிய தொகை கூடுதல் நாட்களுக்குப் பகிர்ந்துபோகிறது.

வேறு இடங்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் ஓட்டலே கிடையாது. 2000இல் வெளியான ‘தி பீச்’ திரைப்படத்துக்குப் பிறகு அங்கே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் விரைவுப்படகில் வந்து ஓரிரு மணி நேரத்தில் திரும்பிய ஒருநாள் பயணிகள்தான். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நங்கூரமும் கூட்டமும் சேர்ந்து பவளத்தை அழித்த பிறகு, 2018 ஜூனில் அரசு அதை மூடியது. மீண்டும் திறக்க 2022 ஜனவரி ஆனது. இப்போது விரிகுடாவுக்குள் படகு நுழைய முடியாது, பின்பக்கம் இறங்கி நடந்துதான் வர வேண்டும். கட்டடம் எழும்பாமல் இருந்தால் போதும், தீவு பிழைத்துவிடும் என்று எண்ணுபவர்கள் மாயா விரிகுடாவை நினைத்துப்பார்க்க வேண்டும். வெனிஸ் நகரம் வெப்பமண்டலமும் அல்ல, அமைதியும் அல்ல. ஆனால் தீவுகளின் மேல் நிற்கும் அந்த நகரம் 2024 ஏப்ரலில் நெரிசல் மிகுந்த நாட்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தபோது, அதை ஒருநாள் வந்துபோவோருக்கு மட்டுமே விதித்தது. இரவு தங்குவோருக்கு விலக்கு. தங்குபவர் ஊருக்கு ஏதோ ஒரு வகையில் கொடுத்துவிடுகிறார், வந்து போகிறவர் கொடுப்பதில்லை என்ற அனுபவமே அந்த விதியாக மாறியது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது தண்ணீர் பற்றியது. நெடுந்தீவு சுண்ணாம்புப் பாறையால் ஆனது. ஆறு கிடையாது, மலை கிடையாது. வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழை பாறையின் துளைகள் வழியே இறங்கி, அடியில் ஊடுருவி நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல்நீர் கனமானது, மழைநீர் லேசானது. இரண்டும் முழுதாகக் கலந்துவிடாமல் இருப்பது அந்தச் சிறிய எடை வித்தியாசத்தால்தான். கிணற்றில் நிதானமாக இறைத்தால் மேலிருக்கும் நல்ல தண்ணீர் வரும். மோட்டார் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சினால் நன்னீர்ப் படலம் மெலிந்து, கீழிருக்கும் உப்புநீர் கூம்புபோல் மேலெழும். ஒரு முறை உவராகிப்போன கிணறு திரும்ப இனிக்கப் பல மழைக்காலங்கள் ஆகலாம். மேற்குப் பக்கத்துச் சாறாப்பிட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை என்று தீவில் தனியாகச் சொல்லும் அளவுக்கு நன்னீர் அங்கே அருமையானது. கோடையில் குட்டைகள் வற்றும்போது குதிரைகள் தாகத்தால் சாகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் தங்கும் இடத்தில் இரண்டு நாள் தங்கச் சொல்வது, அவர்களுடைய கிணற்றில் கூடுதலாக ஒரு வாளியை இறக்கச் சொல்வதாகாதா?

ஆகும். அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த மாதத்தில் போகிறோம், எப்படித் தங்குகிறோம் என்ற இரண்டையும் பொறுத்து அந்த வாளியின் கனம் மாறுகிறது. ஆகஸ்டில் இறைக்கும் ஒரு வாளியும் பிப்ரவரியில் இறைக்கும் ஒரு வாளியும் ஒன்றல்ல. கார்த்திகை, மார்கழி மழை முடிந்து கிணறுகள் நிறைந்திருக்கும் தை, மாசியில் போகிறவர் ஊறிவந்த நீரிலிருந்து எடுக்கிறார். கடுங்கோடையில் போகிறவர் குதிரையின் பங்கிலிருந்து எடுக்கிறார். தங்கும் முறையைப் பார்த்தால், ஒரு வீட்டின் பக்கத்தறையில் தங்கி, அந்த வீட்டார் குளிக்கும் அதே ஒரு வாளியில் குளித்து, துணிமூட்டையைத் திரும்பிப்போய்த் துவைத்துக்கொள்பவரும், ஷவரும் நீச்சல்குளமும் தினம் மாற்றும் படுக்கைவிரிப்பும் கேட்பவரும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். குறைந்த பணத்தில் பயணம் செய்பவருக்கு இங்கே இயல்பான ஒரு தகுதி இருக்கிறது. வசதி குறைந்த இடத்தில் தங்கப் பழகியவர் அவர்.

நீச்சல்குளம் வைத்த ஓட்டல் வந்தால் ஊருக்கு வேலை கிடைக்குமே, அதைத் தடுப்பதற்கு நாம் யார் என்ற கேள்வி அடுத்தது. நியாயமான கேள்வி. ‘வளர்ச்சி தீண்டாத தீவு’ என்று வெளியிலிருந்து பார்த்து மகிழ்பவர்கள், தீண்டாமல் போனதற்கான காரணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து கிளம்பிய குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் பச்சிளங்குழந்தையும் உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினரே அதைச் செய்ததாக உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதே பெயர் தாங்கிய படகு பிறகும் அந்தத் தடத்தில் ஓடியது. போர் ஆண்டுகளில் தீவகம் எனப்படும் இந்தத் தீவுக்கூட்டத்திலிருந்து மக்கள் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் போனார்கள், பலர் திரும்பவில்லை. கூரையில்லாமல் நிற்கும் வீடுகளும் ஆளில்லாத வளவுகளும் அதன் தடயம். ஆகவே நெடுந்தீவின் அமைதியில் ஒரு பகுதி இயற்கை தந்தது, இன்னொரு பகுதி இழப்பு விட்டுச்சென்றது. அங்கே இருப்பவர்களுக்கு நல்ல படகும், தடையில்லாத மின்சாரமும், நிரந்தரமாக ஒரு மருத்துவரும், குடிநீரும் வேண்டும். நமக்குப் பிடித்த அமைதிக்காக அவர்கள் இவையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் ஊருக்கு வேண்டிய வளர்ச்சி வேறு, ஓட்டல்காரருக்கு வேண்டிய வளர்ச்சி வேறு. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் இரண்டாவது வகை வளர்ச்சி கட்டுக்கடங்காமல் போய், கழிவுநீர் கடலில் கலந்து, 2018 ஏப்ரலில் தீவையே ஆறு மாதம் சுற்றுலாவுக்கு மூட வேண்டிவந்தது. அந்த ஆறு மாதம் வருமானமில்லாமல் நின்றவர்கள் அங்கே வேலைசெய்த எளியவர்கள். மாலத்தீவு இன்னொரு பாடம். 2009 வரை சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ஆளில்லாத் தீவுகளில் கட்டிய சொகுசு விடுதிகளுக்குள்ளேயே வைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு அந்தப் பணம் வரத் தொடங்கியது, குறைந்த செலவில் போகிறவர்களுக்கும் கதவு திறந்தது. நெடுந்தீவின் நீர்ப்படலம் தாங்கக்கூடியது இந்தச் சிறு வடிவத்தைத்தான்.

இரண்டு நாள் தங்கி அங்கே என்ன பார்ப்பது என்று கேட்பவர்கள் உண்டு. ஒருநாள் பயணத்தில் விட்டுப்போவது என்ன என்று திருப்பிக் கேட்கலாம். தீவெங்கும் ஓடும் கல்வேலிகளை எடுத்துக்கொள்வோம். வேறு இடங்களில் பனையோலையாலும் கிடுகாலும் அடைக்கும் வேலியை இங்கே பவளச் சுண்ணாம்புக் கற்களால் கட்டியிருக்கிறார்கள். காரையோ சிமெண்டோ கிடையாது, கல்லின் மேல் கல்லைப் பொருத்தி அடுக்கியது. மண்ணைக் கிளறினால் கல்தான் வரும் தரையில், நிலத்தைத் திருத்த எடுத்த கல்லே எல்லையாகவும் மாட்டுக்கு மறிப்பாகவும் ஆகிவிட்டது. கற்களில் பவளத்தின் மடிப்பும் கண்ணறையும் அப்படியே தெரியும். ஓட்டோ வேகத்தில் இவை சாம்பல்நிறக் கோடுகளாக ஓடி மறையும், நடக்கும்போதுதான் ஒவ்வொரு கல்லும் ஒரு காலத்தில் உயிராக இருந்தது என்பது உறைக்கும். குதிரைகளும் அப்படியே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் இவை. ஆங்கிலேயர் காலத்தில் வளர்ப்பு கைவிடப்பட்ட பிறகு காட்டுக்குதிரைகளாகிப் புல்வெளியில் திரிகின்றன. நடுப்பகலில் நிழல் தேடி ஒதுங்கி நிற்பவை, வெயில் தாழ்ந்த பிறகு மேய்ச்சலுக்கு வெளியில் வருகின்றன. அப்போது கடைசிப் படகு போயிருக்கும். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரையைத் துரத்துவதும் தீனி காட்டி அழைப்பதும் கூடாது.

பெயர்களிலும் வரலாறு கிடக்கிறது. போர்த்துக்கேயர் இதைப் பசுக்களின் தீவு என்றார்கள். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப்பெயர்களைத் தீவகத்துக்கெல்லாம் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லெய்டன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. மற்றப் பெயர்கள் உதிர்ந்துபோக, டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில ஆவணங்களிலும் வரைபடங்களிலும் ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர்களுக்கு என்றும் நெடுந்தீவுதான். மாவிலித்துறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நிற்கும் பெருக்குமரம் ஆப்பிரிக்க மண்ணுக்குரியது. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்லப்படுகிறது. ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விட்ட அதன் அடிமரத்தில் பெயரைச் செதுக்கிவிட்டுப் போகும் பழக்கம் வேதனையானது.

வசதி போதாது என்ற மறுப்பும் உண்மையே. தங்குமிடங்கள் சில மட்டும், அவையும் எளியவை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, அறையையும் சாப்பாட்டையும் உறுதிசெய்துகொண்டுதான் போக வேண்டும், துறையில் இறங்கித் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. மருந்து வேண்டுபவர் கையோடு கொண்டுபோக வேண்டும். அட்டையை நம்பாமல் இலங்கை ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டை முன்பே சொல்லிவைத்தால் அன்று கரைக்கு வந்த மீனோ கணவாயோ நண்டோ கிடைக்கும். அந்த மீனைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. நம் விசைப்படகுகள் அந்தப் பக்கம் போகும் இரவுகளில் சின்னப் படகுக்காரர்களின் வலை அறுபடுகிறது என்பது நெடுந்தீவு மீனவர்களின் நெடுநாள் முறையீடு. நம் மீனவர்களின் சிறைவாசமும் வாழ்வாதாரமும் நமக்குத் தெரியும், எதிர்க்கரையின் வலை நமக்குத் தெரியாது. ஒரே மொழியில் அதைக் கேட்டறிய ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் மாலைப்பொழுது தங்குபவருக்குத்தான் கிடைக்கும்.

ஒரு பயணி கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். பெருநகரத்தில் ஒன்றும் ஆகாதுதான். சில ஆயிரம் பேர் வாழும் தீவில், மாதத்துக்கு நாலைந்து விருந்தினர் வந்தால் ஒரு பிள்ளை வேலைக்காக ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாக முடியும். அந்தப் பணம் ஒருவரிடமே குவியாமல் பரவ வேண்டும். ஒரு வேளை ஒரு வீட்டில், சைக்கிள் இன்னொருவரிடம், பனங்கட்டியும் புழுக்கொடியலும் மூன்றாமவரிடம் என்று வாங்கலாம். சைக்கிள் போதுமான தீவுதான் இது, எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் எந்தத் திசையிலும் சாலை நீளாது. விலையில் பேரம் பேசி நூறு ரூபாய் குறைப்பதைப் பயணத் திறமையாகக் கருதுகிறவர்கள், கரையில் விற்கும் ஒவ்வொரு சாமானும் அங்கே படகுக்கூலி சேர்த்துத்தான் வந்து இறங்குகிறது என்பதை மனதில் வைக்க வேண்டும்.

காலம் தேர்வதில் கடலுக்கும் பங்குண்டு. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும், அலை உயரும், அது கிணறுகள் இறங்கும் காலமும்கூட. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் புயலும், நாகப்பட்டினக் கப்பலும் அந்நாட்களில் நிற்கும். மிஞ்சுவது தை கடைசியிலிருந்து பங்குனி வரை. அதிலும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நாட்களில் குறிகட்டுவான் துறை யாத்திரிகர்களால் நிரம்பிவிடும். நல்ல மாதத்திலும் காற்று திடீரென்று மாறிப் படகு நின்றுபோவதுண்டு. ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம். தேர்வுக்குப் போக வேண்டிய மாணவரும் பிரசவத்துக்குப் போக வேண்டியவரும் கடலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். பயணியும் ஒரு நாளைக்கான பணத்தையும் விடுப்பையும் உபரியாக எடுத்துவைத்துக்கொண்டுதான் படகேற வேண்டும். காற்று அடங்கி முதல் படகு கிளம்பும்போது, இடம் போதாவிட்டால் அவர்கள் முதலில் ஏறட்டும், நாம் அடுத்ததில் போகலாம்.